கையால் வரைந்தது போன்ற தமிழ் எழுத்துரு: முன்பள்ளிச் சுவருக்குப் பொருந்துமா?

2024 ஜனவரி 21, கேள்வி

இலங்கையின் மலையகத்தில், நானுஓயாவுக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைத் தோட்ட முன்பள்ளியில் கற்பிக்கிறேன். சுவரில் ஒட்டுவதற்கு எழுத்து அட்டைகளும் வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகையும் அச்சிட இருக்கிறோம். ஆங்கிலத்துக்குக் கொமிக் சான்ஸ் என்று முடிவு செய்துவிட்டோம். தமிழுக்கும் அதே போலக் கையால் வரைந்த சாயலில் ஓர் எழுத்துரு வேண்டும் என்று நான் கேட்டபோது, தமிழை இப்படிக் கோணலாகப் போடுவது மொழியை விளையாட்டுப் பொருளாக்குவது என்று எங்கள் குழுவிலுள்ள மூத்தவர் ஒருவர் மறுத்துவிட்டார். அவர் சொல்வது சரிதானா?

2024 ஜனவரி 21, இரவு

சரியில்லை என்பது என் எண்ணம். ஹட்டனில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். கோயில் நோட்டீஸ், கல்யாணக் கார்ட், பெனர், முன்பள்ளிச் சான்றிதழ் என்று நாள்தோறும் எழுத்துருவோடுதான் பிழைப்பு. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

கொமிக் சான்ஸ் எதற்காக உருவானது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 1994இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தில் வேலை செய்த வின்சென்ட் கொனேர், ஒரு மென்பொருளின் முன்னோட்டத்தில் கார்ட்டூன் நாய் ஒன்று பேசும் வசனம் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் இருப்பதைக் கண்டு, நாயின் வாயில் செய்தித்தாள் எழுத்து பொருந்தவில்லை என்று நினைத்தார். படக்கதைப் புத்தகங்களின் வசனக் கூண்டுகளில் உள்ள எழுத்தைப் பார்த்து அவர் வரைந்ததுதான் இது. அந்த மென்பொருளுக்கு அது நேரத்துக்கு வந்து சேரவில்லை. விண்டோஸ் 95 காலத்தில் கணினிகளுக்குள் நுழைந்து உலகெங்கும் பரவியது. பேசுபவர் யார் என்பதற்கேற்ப எழுத்தின் தோற்றமும் அமைய வேண்டும் என்ற அவருடைய காரணம் இன்றும் சரியானது. ஐந்து வயதுக் குழந்தையோடு பேசும் சுவருக்கு, அந்தக் குழந்தையின் கை அறிந்த வடிவம்தான் பொருத்தம்.

ஆனால் கொமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதைத் தெரிவு செய்துவிட்டுத் தமிழில் தட்டினால், கணினி தானாகவே லதா போன்ற வேறோர் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். நம் பக்கத்து முன்பள்ளிப் பலகைகள் பலவற்றில் ஆங்கிலம் சிரித்துக்கொண்டும் தமிழ் விறைப்பாக நின்றுகொண்டும் இருப்பதற்கு இதுவே காரணம். தமிழுக்கென்று அப்படி ஓர் எழுத்துரு கிடையாது. நாமே வரைந்தால்தான் உண்டு.

2024 ஜனவரி 24

மேலே எழுதிய கடைசி இரண்டு வாக்கியங்களும் தவறு. இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர், சற்றே சாய்ந்த கையெழுத்துத் தோற்றம் கொண்ட தமிழ் எழுத்துருதான், இலவசமாகவே கிடைக்கிறது. இதைச் சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி. நம் நாட்டுக்காரர் ஒருவரின் உழைப்பை அறியாமல் அவசரப்பட்டு எழுதியதற்கு வருந்துகிறேன்.

இன்னொருவர் பாலூ தம்பியைச் சொல்லியிருந்தார். அது கையெழுத்தல்ல, தடித்த, மென்மையான வளைவுகளைக் கொண்ட எழுத்துரு. இந்திய எழுத்து முறைகள் பலவற்றுக்கும் அதே குடும்பத்தில் ஒவ்வோர் உறவினர் இருக்கிறார். தமிழுக்கு வந்தவர் தம்பி. பெயர்ப்பலகைக்கு அது மிக அழகாக இருக்கும். எழுத்துப் பழக்கும் அட்டைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அவ்வளவு தடித்த கோட்டில் குழந்தையால் பென்சிலின் பாதையைக் காண முடியாது.

2024 ஜனவரி 28

இன்று ஞாயிறு, கடை பூட்டு. மூத்தவரின் அச்சத்துக்கு ஒரு பக்க நியாயம் இருக்கிறது என்பதை இரண்டு நாட்களாக யோசித்து ஒப்புக்கொள்கிறேன். தமிழில் எழுத்து கோணலாவது பிரச்சினை இல்லை. ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரிக்கும் சிறு அடையாளம் அந்தக் கோணலில் தொலைந்துபோவதுதான் பிரச்சினை. அந்த அடையாளங்கள் தமிழில் மிகச் சிறியவை.

ரகரத்தையும் துணைக்காலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ரகரத்தின் அடியில் சாய்ந்திறங்கும் சிறு கால் மட்டுமே. வேகமாக எழுதும் கையில் அந்தக் கால் தேய்ந்துவிடும். பெரியவர்கள் சொல்லின் ஓட்டத்தில் சரியாகப் படித்துவிடுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அது முடியாது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான். எகரத்தையும் ஏகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்டிய சீர்திருத்தத்தை வீரமாமுனிவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். மேலே உள்ள அந்தச் சுழி அடைந்துபோனால் தேயிலை 'தெயிலை' ஆகிவிடும். புள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓலைச் சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டு எழுதியதால் படிப்பவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். எழுத்துருவில் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டால் அதே பாடுதான்.

இதில் எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்கிறேன். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு இங்கு வரத் தொடங்கிய 1823இலிருந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்த 2023இல், ஒரு தோட்டத்து இளைஞர்கள் 'மலையகம் 200' என்ற தலைப்பில் பெனர் ஒன்று கேட்டார்கள். அச்செழுத்து வேண்டாம், தூரிகையால் எழுதியது போல இருக்க வேண்டும் என்றார்கள். நானும் எங்கோ கிடைத்த ஒரு கையெழுத்து எழுத்துருவை எடுத்து, போதிய தடிப்பு இல்லையென்று சுற்றிலும் கோடு கொடுத்துத் தடிப்பாக்கி, 'இது எங்கள் மண்' என்று பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். மூன்று சுழி ணகரத்தின் சுழிகளில் ஒன்று அந்தத் தடிப்பில் அடைந்துவிட்டது. கடையில் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மேலே கட்டிய பிறகு, கீழே பஸ் பாதையில் நின்று பார்த்த எல்லாருக்கும் அது 'எங்கள் மன்' என்றே தெரிந்தது. இருநூறு ஆண்டுகள் அந்த மண்ணில் உழைத்தவர்களின் பெனரில் மண் என்ற சொல்லே பிழைபட நின்றதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. மறுநாளே வேறு எழுத்துருவில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன், காசு வாங்கவில்லை.

2024 ஜனவரி 29

சுற்றுக்கோடு கொடுத்துத் தடிப்பாக்குவதை யாரும் செய்ய வேண்டாம். நேற்று எழுதியதில் எழுத்துருவைக் குறை சொன்னது போல் ஆகிவிட்டது. உண்மையில் தவறு என்னுடையது.

2024 பெப்ரவரி 3

கையால் வரைந்தது போன்ற எழுத்துரு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பார்த்த சில நொடிகளில் இது கையல்ல என்று ஏன் தெரிந்துவிடுகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு என் மாமாவின் பலகை ஒன்றைக் கொண்டு விடை சொல்ல முயல்கிறேன்.

மாமா நாற்பது ஆண்டுகள் போர்ட் எழுதியவர். கடைப் பலகை, லொறியின் முகப்பு, தோட்டத்துக் கோயில் வாசல் எல்லாம் அவருடைய எனாமல் பெயின்ட்தான். நூலில் சுண்ணாம்பைத் தடவித் தெறித்துக் கோடு போட்டுவிட்டு, மீதியைக் கண்ணளவில் எழுதுவார். அவர் எழுதிய 'முத்துமாரியம்மன்' பலகையை நேற்று போய்ப் படம் எடுத்து வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சொல்லில் மகரத்தின் உடல் நான்கு முறை வருகிறது: மு, மா, ம், ம. நான்கும் நான்கு விதம். முதல் 'மு' அகன்று உட்கார்ந்திருக்கிறது. 'மா' தன் துணைக்காலுக்கு இடம் விட்டுச் சற்று ஒடுங்குகிறது. புள்ளி வைத்த 'ம்' தலையைத் தாழ்த்திப் புள்ளிக்கு இடம் கொடுக்கிறது. கடைசி 'ம', பலகை முடியப் போகிறது என்று தெரிந்து மெலிந்திருக்கிறது. எழுத்துருவில் இதே சொல்லைத் தட்டினால் நான்கு மகரமும் ஒரே அச்சில் வார்த்தவை. கோணல் என்பது ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வர வேண்டியது. ஒரே கோணல் நான்கு முறை அப்படியே வந்தால் கண் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

இந்தக் குறை தமிழில் அதிகமாகத் தெரிவதற்கு மொழியின் இயல்பே காரணம் என்று நினைக்கிறேன். க்க, ட்ட, த்த, ப்ப, ம்ம, ல்ல என்று ஒரே எழுத்து புள்ளியோடும் புள்ளியில்லாமலும் அடுத்தடுத்து வராத வாக்கியமே நம்மிடம் அரிது. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தைச் சொல்லும் 'பிரட்டுக்களம்' என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு இரட்டைகள் இருக்கின்றன.

2024 பெப்ரவரி 4

நேற்று நான்கு என்று எழுதியது அம்மனின் பெயரை மட்டும் எண்ணி. முழுப் பலகையில் 'தேவஸ்தானம்' என்பதும் இருக்கிறது. அதன் கடைசி ம்-ஐச் சேர்த்தால் ஐந்து. அந்த ஐந்தாவதும் வேறு விதமாகவே இருக்கிறது.

2024 பெப்ரவரி 17

மூத்தவருக்குச் சொல்ல ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. நம் வீடுகளில் விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது, பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்துத் தட்டிலுள்ள பச்சரிசியில் 'அ' எழுத வைக்கிறார். அந்த அரிசியில் விழும் கோட்டை நினைத்துப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு, முனைகள் உருண்டை, வளைவு ஒவ்வொன்றும் விரல் திரும்பும் அளவுக்கு அகன்றது. கையால் வரைந்த சாயல் என்று நாம் தேடும் தோற்றத்தின் எல்லா இலக்கணமும் அந்த முதல் எழுத்திலேயே இருக்கிறது. சரஸ்வதியின் முன்னால் எழுதிய எழுத்தை விளையாட்டுப் பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கையெழுத்துத் தோற்றம் என்றாலே குழந்தைத்தனம் என்பதும் இல்லை. 1989இல் அடோபி வெளியிட்ட டெக்டன் என்ற ஆங்கில எழுத்துரு, பிரான்சிஸ் சிங் என்ற கட்டடக் கலைஞர் தம் படங்களில் கையால் எழுதிய எழுத்தை வைத்து உருவாக்கப்பட்டது. அதைப் பார்த்து யாருக்கும் முன்பள்ளி நினைவுக்கு வராது. அளந்து வேலை செய்யும் ஒருவரின் கைதான் நினைவுக்கு வரும். எந்தக் கை என்பதைப் பொறுத்து எழுத்தின் குணம் மாறுகிறது. தமிழிலும் கணக்கப்பிள்ளையின் கையெழுத்து ஒன்று, போர்ட் எழுதுபவரின் கையெழுத்து வேறொன்று.

2024 மார்ச் 2

எங்கே கூடாது என்று கேட்டவருக்கு: மரண அறிவித்தல், சம்பளச் சீட்டு, மருந்தின் அளவு, பூச்சிமருந்துப் போத்தல், மண்சரிவு எச்சரிக்கை. இவற்றில் எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளவே கூடாது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகளைப் பற்றிய மாபெரும் அறிவிப்பை விஞ்ஞானி ஃபபியோலா ஜியானொட்டி கொமிக் சான்ஸில் தயாரித்த படங்களைக் காட்டி விளக்கியபோது, துகளை விட்டுவிட்டு எழுத்துருவைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். செய்தியை விட எழுத்து முன்னால் வந்துவிட்டால் அந்தச் செய்திக்குத்தான் நட்டம்.

2024 மார்ச் 9

மண்சரிவைப் பற்றி மட்டும் மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மேல் டிவிசனிலிருந்து கடைக்கு வந்த ஒரு பெரியவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் இரண்டு பலகைகள் இருக்கின்றனவாம்: ஒன்று அச்சிட்டது, மற்றது தோட்டத்துப் பையன்கள் தகரத்தில் பெயின்டால் எழுதியது. மூடுபனி இறங்கினால் அச்சிட்ட பலகை கண்ணில் படுவதே இல்லை, பையன்கள் எழுதியதுதான் தெரிகிறது என்றார். நான் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் காரணம் கையெழுத்து அல்ல. அச்சிட்ட பலகையில் மூன்று மொழிகளையும் அடக்கும் அவசரத்தில் தமிழை மெல்லிய கோட்டில் இரண்டு விரல் உயரத்துக்குச் சுருக்கியிருக்கிறார்கள். பையன்களின் தூரிகை அகலமானது; இடமும் தாராளம்; புள்ளிகள் காசளவு பெரியவை.

ஆகவே முன்பு எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். எச்சரிக்கைக்கு நிமிர்ந்த, தெளிவான எழுத்துதான் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அச்செழுத்து என்ற ஒரே காரணத்தால் அது தெளிவாகிவிடாது. பிழையற்ற தடித்த கையெழுத்து, மெலிந்த அச்செழுத்தை விட அந்த மேட்டுக்கு எவ்வளவோ மேல். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்திலிருந்து தமிழும் ஆட்சிமொழி. பலகையில் அதற்குக் கிடைக்கும் இடம் இன்னும் மூலையில் மிஞ்சிய இடமாகவே இருப்பது எனக்குப் பெரிய வேதனை.

2024 மார்ச் 23

ஆசிரியைக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால், மாமாவின் எழுத்தை வைத்தே ஓர் எழுத்துருவைத் தொடங்கியிருக்கிறேன். ஃபொன்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் வேலை நடக்கிறது. தமிழுக்கு 247 எழுத்து என்பதால் 247 வடிவம் வரைய வேண்டும் என்று சிலர் பயப்படுகிறார்கள். துணைக்கால், கொம்பு, சங்கிலிக் கொம்பு ஆகியவற்றைத் தனியாக ஒருமுறை வரைந்தால் போதும். அவை எல்லா மெய்யோடும் சேர்ந்துகொள்ளும். உகரமும் ஊகாரமும்தான் வேலை வாங்குகின்றன. கு, சு, டு, து, மு, று என்று ஒவ்வொன்றும் தன் வழியில் வளைவதால் பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக முப்பத்தாறையும் தனித்தனியே வரைய வேண்டும். இகர, ஈகார விசிறியும் மெய்யின் தலையோடு கலக்கும் இடத்தைத் தனியே பார்த்தால்தான் கையெழுத்துப் போல வரும். எல்லாம் சேர்ந்தால் நூற்றைத் தாண்டுகிறது.

மாமாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. தூரிகை வேண்டாம் என்று பேனாவையும் கொப்பியையும் கொடுத்தேன். எழுதித் தந்தார். நன்றாகவே இருந்தது, ஆனால் அது மாமாவின் எழுத்தாக இல்லை. யாரோ ஒருவரின் கொப்பி எழுத்து. அவரே பார்த்துவிட்டு, "மருமகன், பேனையில வளைவு பிடிபடாது, பிரஷைக் கொண்டு வாங்க" என்றார். தட்டைத் தூரிகையில் எழுதியபோது நடுக்கம் குறைந்ததா, அல்லது கோட்டின் அகலத்தில் மறைந்துவிட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. சுழிகள் திறந்திருந்தன, மூன்று சுழி ணகரத்தை ஒரே மூச்சில் இழுத்தார். மகரம், ககரம், தகரம், பகரம், டகரம் ஆகியவற்றை மூன்று மூன்று விதமாக எழுதி வாங்கியிருக்கிறேன். அடுத்தடுத்து வந்தால் வடிவம் தானாக மாறும்படி எழுத்துருவுக்குள் விதி எழுதலாம்.

இதில் ஒரு மனத்தடை. 'லை' என்று கேட்டதும் அவர் யானைத் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தைத்தான் எழுதினார். 1978இல் தமிழ்நாட்டு அரசு பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கையும் போய்விட்டது. மாமாவின் கை மாறவில்லை. 'மலை' என்று அவர் எழுதும்போது அந்தத் தும்பிக்கை மேலே ஏறி வளைந்து இறங்குவது கண்ணுக்கு மிக இதமாக இருக்கிறது. முன்பள்ளிக்கு அது ஆகாது என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் காண்பதைத்தான் சுவரிலும் காண வேண்டும். ஆகவே வழக்கமான இடத்தில் இன்றைய 'லை'யையே வைத்து, தும்பிக்கை வடிவத்தை மாற்று வடிவமாக உள்ளே சேர்த்திருக்கிறேன். விரும்பிக் கேட்பவருக்குக் கிடைக்கும்.

2024 மார்ச் 24

யுனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் தட்டிய பழைய கோப்புகளுக்கு இந்த எழுத்துரு பயன்படுமா என்று கேட்டவருக்கு: பயன்படாது. பாமினியில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால் மெய்ப்புள்ளி விழும். உள்ளே சேமிக்கப்படுவது அந்த அரைப்புள்ளிதான். யுனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் 'வணக்கம்' ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 20

புத்தாண்டு விடுமுறையில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் போயிருந்தேன். உணவுக் கடைகளின் பலகைகளில் ஆங்கிலம் சோக்கால் எழுதியது போல அழகாக இருக்கிறது. அதன் கீழே சிங்களமும் தமிழும் கணினி தந்தபடியே நிற்கின்றன. சிங்களத்துக்கு விண்டோஸ் தரும் எழுத்துருக்களில் ஒன்றின் பெயர் இஸ்கோல பொத, அதாவது பள்ளிக்கூடப் புத்தகம். பெயருக்கேற்ற அடக்கமான எழுத்து. சோக் எழுத்தின் பக்கத்தில் அது வேறு ஏதோ ஒரு பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டியது போலிருக்கிறது. மூன்று மொழிக்கும் ஒரே கை எழுதியது போன்ற எழுத்துருவை யாராவது செய்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

2024 மே 11

அட்டைகளை முன்பள்ளிக்கு அனுப்பி இரண்டு வாரமாகிறது. ஆசிரியை நேற்று அழைத்துப் பேசினார். பிள்ளைகள் விரலை வைத்து எழுத்தின் மேல் ஓட்டுகிறார்கள், சுழிகளில் தயங்காமல் திரும்புகிறார்கள் என்றார். மூத்தவரும் வந்து பார்த்திருக்கிறார். ஒவ்வோர் அட்டையையும் கையிலெடுத்து, ணகரத்தின் சுழிகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் வைத்தாராம். அவரைப் போன்ற ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும் என்று மனமாரச் சொல்கிறேன்.

ஒரு குறையும் வந்திருக்கிறது. 'மரம்' அட்டையைப் பார்த்து எழுதிய பிள்ளைகளில் மூவர் 'மாம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஜனவரியில் ரகரத்தின் காலைப் பற்றி அவ்வளவு எழுதிய நானே அதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். மாமாவின் மூலத்தில் அந்தக் கால் இருக்கிறது. படமெடுத்து ஓரங்களை மென்மையாக்கியபோது நான்தான் அதைத் தேய்த்துவிட்டேன்.

2024 மே 12

ரகரத்தின் காலை மாமாவின் மூலத்தில் இருந்த அளவுக்கே நீட்டி, முனையை உருட்டாமல் விட்டிருக்கிறேன். றகரத்தையும் பார்த்தேன், அது சரியாகவே இருக்கிறது. 'மரம்', 'ரயில்', 'தேர்' ஆகிய மூன்று அட்டைகளையும் புதிதாக அச்சிட்டு, நாளைக் காலை பஸ்ஸில் நானுஓயாவுக்கு அனுப்புகிறேன். பழைய 'மரம்' அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.